மலையைப் பார்த்த வாய்

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு நியோகாபி ஏணியின் உச்சிப் படியில் நின்றுகொண்டு ஆணிகளுக்கு ரப்பர் சுற்றிக்கொண்டிருந்தாள். பழைய சைக்கிள் டியூபை விரலகலத்துக்கு நறுக்கி வைத்திருந்தாள். மரத்தில் எங்கெல்லாம் ஆணித்தலை துருத்துகிறதோ அங்கெல்லாம் ஒரு சுற்று. சந்தேகமாக இருந்தால் இரண்டு சுற்று. அவளுக்கு எல்லா ஆணியிலும் சந்தேகம்தான். வியாழக்கிழமை பசுமைக்குடிலுக்குப் பாலித்தீன் ஷீட்டை மேலே இழுக்கும்போது ஒரே ஒரு ஆணி மாட்டினால் போதும், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை சர்ரென்று கிழிந்துவிடும். இருப்பது ஒரே ரோல். நைவாஷா ரோஜாப் பண்ணையில் நாலு வருஷம் நின்றபடியே பூ தரம் பிரித்து, கால் வீங்கிச் சேர்த்ததெல்லாம் அந்த ரோலும் இந்த மரங்களும்தான். இன்னொரு ரோல் வேண்டுமென்றால் இன்னொரு நாலு வருஷம் வேண்டும்.

“என்ன இன்ஜினியரம்மா, ஆணிக்கெல்லாம் தலப்பாகை கட்டிட்டிருக்கீங்க?” கீழே கதவு நிலையை இழைத்துக்கொண்டிருந்த மேஸ்திரி முத்தாஹி கேட்டார். “ஞாயித்துக்கிழமை இதுங்களும் தலப்பாகைக்காரங்க சபைக்கா போகுது?”

“கிழிஞ்சா நீங்க வாங்கித் தரப் போறீங்களாண்ணே?”

“நல்லாருக்குன்னுதானே சொன்னேன்.”

அவள் சிரித்துக்கொண்டே மலைப்பக்கம் திரும்பினாள். அப்போதுதான் காற்று வந்தது. ஞாண்டருவா மலையிலிருந்து இறங்கி, முட்டைக்கோஸ் வயல்களைத் தாண்டி, நேராக அவள் முகத்தில் அடித்தது. தலையில் கட்டியிருந்த துணி அவிழ்ந்து பின்னால் பறந்தது. முகட்டுத் திறப்பு வழியாக உள்ளே போய், தக்காளி நாற்றுக்காகக் கொத்திப் போட்டிருந்த பாத்தியில் விழுந்தது.

நியோகாபி துணியைப் பார்த்தாள். மலையைப் பார்த்தாள். மறுபடியும் துணியைப் பார்த்தாள்.

முகட்டில் இருக்கும் அந்தத் திறப்புக்கு வாய் என்று பெயர். பசுமைக்குடிலின் இரண்டு சரிவும் ஒரே உயரத்தில் போய் முட்டாது. ஒரு பக்கத்துக் கைமரம் நடுக்காலின் உச்சியில் உட்காரும், மறுபக்கத்துக் கைமரம் அதைவிட முழங்கையளவு கீழே உட்காரும். நடுவில் நீளவாக்கில் கிடைக்கும் இடைவெளிதான் வாய். பக்கவாட்டு வலை வழியாக உள்ளே வரும் காற்று சூடாகி மேலே ஏறி அந்த வாய் வழியாக வெளியே போக வேண்டும். அதனால் வாய் எப்போதும் காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் இருக்க வேண்டும். முகத்தைக் காட்டினால் காற்று உள்ளே புகும். புகுந்தது வெளியே போக வழி இல்லாமல் கூரையை அடியிலிருந்து தூக்கும். ஆணியாவது ரப்பராவது, எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டு போய்விடும்.

இதையெல்லாம் அவள் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவள். பண்ணையில் இருபது குடில்களின் வாயும் கிழக்கே பார்த்திருந்தன. அங்கே காற்று மேற்கே ஏரியிலிருந்து வரும். பண்ணையை விட்டு வரும்போது அந்த வரைபடத்தை அப்படியே நகல் எடுத்து, அளவை மட்டும் குறைத்து, எட்டு மீட்டர் அகலம், முப்பது மீட்டர் நீளம் என்று எழுதி முத்தாஹியிடம் கொடுத்தாள். வாய், கிழக்கு. அம்புக்குறிகூடப் போட்டிருந்தாள்.

மலை கிழக்கே இருந்தது. காற்று மலையிலிருந்து வந்துகொண்டிருந்தது. அவள் பிறந்ததிலிருந்து அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தது.

*

இல்லை, ஒருநாள் காற்றை வைத்துச் சொல்லக் கூடாது என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். போனில் வானிலை பார்த்தாள். அது ஒரு மணிக்கு ஒரு திசை காட்டியது. மனதுக்குப் பிடித்த திசை வரும்வரை பார்த்துவிட்டு மூடினாள். பிறகு ரோல் சுற்றி வந்த நீல உறையிலிருந்து ஒரு நாடா கிழித்து, நடுக்காலின் உச்சியில் கட்டினாள்.

“அது எதுக்கு?” என்றார் முத்தாஹி.

“சும்மா. அழகுக்கு.”

சாயங்காலம் அப்பா கிச்சூஹி பால் கேனைக் கழுவிக்கொண்டிருந்தார். அவருடைய அம்மாவின் பெயரைத்தான் அவளுக்கு வைத்திருந்தார், அதனால் அவளை அம்மா என்றுதான் கூப்பிடுவார். குடில் நிற்கும் அந்தக் கால் ஏக்கரில் போன வருஷம் வரை அவர் உருளைக்கிழங்கு போட்டவர். மகள் கேட்டதும் ஒரு கேள்வி இல்லாமல் கொடுத்துவிட்டார். அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. கேள்வி கேட்டுக் கொடுத்திருந்தால் இப்போது கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

“அப்பா, இந்தக் காத்து எப்பவும் மலைலேர்ந்துதான் வருமா?”

“வேற எங்கேர்ந்து வரும்மா?”

“ஜூலைல?”

“ஜூலைல இன்னும் ஜாஸ்தி வரும். உன் பசுமைக்குடிலுக்கு நல்லதுதானே.” கேனைக் கவிழ்த்து வைத்தார். “ஏம்மா சாப்பிடல நீ? காலைலேர்ந்து டீயா குடிச்சிட்டிருக்க.”

நல்லதா. அப்பா ஏன் அப்படிச் சொன்னார் என்று அவள் கேட்டிருக்கலாம். கேட்டால் வேறெதையாவது சொல்ல வேண்டி வருமோ என்று கேட்கவில்லை.

புதன்கிழமை அவள் நாடாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். விடியும்போது நாடா தொங்கியது. ஒன்பது வரைக்கும் தொங்கியது. பத்துக்கு எழுந்து வாய்க்குள் நீண்டு துடித்தது. சாயங்காலம் வரை ஒரு தடவைகூட அது வெளியே திரும்பவில்லை.

“அண்ணே,” என்றாள் முத்தாஹியிடம், ஆணி டப்பாவைக் கிளறிக்கொண்டே. “காத்து ரொம்ப அடிச்சா அந்த வாய ஒரு ஷீட் போட்டு மூடிக்கலாம்ல?”

“மூடலாமே. தக்காளி வெந்துடும், அவ்வளவுதான். நீங்க சோளமும் பீன்ஸும் போட்டுக் கித்தேரி ஆக்கவா இத கட்டறீங்க?”

“சும்மா கேட்டேன்.”

“ரெண்டு நாளா எல்லாம் சும்மாவாவே இருக்கு உங்களுக்கு.” அவர் பென்சிலைக் காதில் செருகினார். “நாளைக்கு ஷீட் போட்டுட்டா நாளன்னிக்குக் காலைல நான் நியேரிக்கு பஸ் ஏறணும். அங்க ஒருத்தர் கோழிக் கொட்டகைக்கு ஆள் இல்லாம உக்காந்திருக்கார். ஏதாவது இருந்தா இப்பவே சொல்லிடுங்க.”

நியோகாபி வாயைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்து வேலிக்கு அந்தப் பக்கம் வஞ்சிராவின் குரல் கேட்டது.

வஞ்சிரா ங்வாத்தியோ குழுவின் தலைவி. குழுவில் பதினாலு பேர். ஒருத்தர் நிலத்தில் எல்லாரும் போய் வேலை செய்வார்கள், அடுத்த முறை அடுத்தவர் நிலத்தில். இந்த ஒரு நாளுக்காகத்தான் நியோகாபி மூன்று மாதமாக எல்லார் வீட்டுக் காட்டிலும் களை பறித்திருந்தாள், சாணி சுமந்திருந்தாள். முப்பது மீட்டர் ஷீட்டைக் கூலிக்கு ஆள் வைத்து இழுக்க முடியாது. அத்தனை கை வேண்டும்.

“நாளைக்கு ஏழு மணிக்கு எல்லாரும் வந்துடுவோம், புருஷன்மாரையும் இழுத்துட்டு,” என்றாள் வஞ்சிரா. “டீல பால் ஊத்து, தண்ணி காட்டாத. பாஸ்டரும் வரேன்னுட்டார்.”

“பாஸ்டர் எதுக்குக்கா?”

“ஜெபம் பண்ணாம எந்தக் கூரை ஏறுச்சு? ஆனா ஒண்ணு, நாளைக்கே முடிச்சிடணும். வெள்ளிக்கிழமை என் முறை. அர ஏக்கர் கிழங்கு தோண்டணும். இந்த மேகத்தப் பாத்தியா? சனி ஞாயிறுல கொட்டப் போகுது.”

“முடிஞ்சிடும்கா.”

“மூஞ்சி ஏன் இப்படி இருக்கு? பல்லு வலியா?”

“ஆமாக்கா,” என்றாள் நியோகாபி. அது வசதியாக இருந்தது.

குழுவில் ஒரே ஒரு சட்டம்தான். ஒருத்தி முறையை இன்னொருத்தி கேட்கக் கூடாது. சாவு விழுந்தால் மட்டும் தள்ளிப் போடலாம். நாலு வருஷத்துக்கு முன்னால் யாரோ சொந்தக்காரன் கல்யாணம் என்று முறை மாற்றக் கேட்டவளை இன்னும் குத்திக்காட்டிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

சனிக்கிழமை நாற்று வரும். ஆயிரம் தக்காளி நாற்று, தட்டில் வைத்து, லாரியில். இந்தக் கினாங்கோப் மேட்டுக் குளிரில் தக்காளி வெளியே நிற்காது. மழையும் சேர்ந்தால் மூன்றே நாளில் இலை கருகிவிடும். ஷீட் இல்லாமல் நாற்றை வாங்கி எங்கே வைப்பது? வாய் தப்பாக இருக்கும் குடிலில் ஷீட்டைப் போட்டு எத்தனை நாள் வைத்திருப்பது? ஒரு வாரம் தாங்கலாம். ஒரு மாதமும் தாங்கலாம். யார் கண்டது. ஒருவேளை ஒன்றுமே ஆகாமலும் போகலாம். அவள் அந்த ஒருவேளையைப் பிடித்துக்கொண்டு படுத்தாள்.

*

வியாழக்கிழமை ஏழு மணிக்கு முப்பது பேர் வந்துவிட்டார்கள். காற்று இல்லை. இலை அசையவில்லை. நாடா நடுக்காலோடு ஒட்டிக்கொண்டு தொங்கியது. காற்றைப் பார்த்தால் வேலை ஆரம்பிக்க இதைவிட நல்ல நேரம் கிடையாது. ஆனால் டீ குடிக்காமல் யாரும் கயிற்றைத் தொடமாட்டார்கள். டீயோடு சேப்பங்கிழங்கு. கிழங்கு நன்றாக இருக்கிறது என்று இரண்டாவது சுற்று. அப்புறம் ஒருத்தர் மாடு கன்று போட்ட கதை. மணி எட்டரை ஆகிவிட்டது.

“ஜெபம் பண்ணிடலாமா?” என்றார் பாஸ்டர் எசேக்கியேல். ஆறடி உயரம், தொண்டை அதைவிடப் பெரிது. கம்பூட்ஸ் போட்டு வந்திருந்தார், அவரும் இழுக்கப் போகிறார் என்று அர்த்தம்.

எல்லாரும் குடிலுக்கு முன்னால் நின்று கண்ணை மூடினார்கள். முத்தாஹி தொப்பியைக் கழற்றினார்.

பாஸ்டர், ஆண்டவர் மலையைப் படைத்ததிலிருந்து தொடங்கினார். மலையிலிருந்து ஆற்றுக்கு வந்தார். ஆற்றிலிருந்து கிச்சூஹியின் மாட்டுக்கு வந்தார். கிச்சூஹியின் அப்பா இந்த நிலத்தை வாங்கின வருஷத்துக்குப் போய்த் திரும்பி வந்தார். நியோகாபி ஒரு கண்ணைத் திறந்து போனைப் பார்த்தாள். ஒன்பது பத்து.

“இந்தப் பிள்ளை நட்டிருக்கிற ஒவ்வொரு காலையும் நீர் பிடிச்சுக்கும் ஆண்டவரே.”

“ஆமென்,” என்றார்கள் எல்லாரும்.

“இந்த வேலைய வரைஞ்ச கைய ஆசீர்வதியும்.”

“ஆமென்.”

அந்தக் கை அவளுடைய கோட்டுப் பைக்குள் நனைந்திருந்தது.

“காத்தையும் கடலையும் அடக்கினவரே, இந்த மலைக் காத்துக்கும் ஒரு கட்டளை கொடும். இந்தக் கூரைய அது தொடக் கூடாது.”

“ஆமென்.”

நியோகாபி நிமிர்ந்து பார்த்தாள். நாடா மெல்ல எழுந்தது. நுனி ஆடியது. பிறகு மொத்தமாக எழுந்து வாய்க்குள் நீண்டது. முப்பது பேர் கண்ணை மூடிக்கொண்டு அவளுக்காகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கேட்பது கிடைக்காது என்று அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

“இந்தக் கூரையின் கீழே விளையறது எல்லாம்…”

“பாஸ்டர்,” என்றாள். “பாஸ்டர், நிறுத்துங்க.”

பழக்க தோஷத்தில் யாரோ “ஆமென்” என்றார்கள்.

கண்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. அந்த ஊரில் பாஸ்டரின் ஜெபத்தை மாடு நிறுத்தியிருக்கிறது, ஒரு தடவை இடி நிறுத்தியிருக்கிறது. ஆள் நிறுத்தியது கிடையாது.

“என்னம்மா?” என்றார் பாஸ்டர், ஒரு கையை இன்னும் மேலே தூக்கியபடியே.

“வாய தப்பான பக்கம் வெச்சுட்டேன். காத்து நேரா உள்ள போகுது. இப்ப ஷீட் போட்டா பிச்சுக்கிட்டுப் போயிடும். பிச்சுக்கிட்டுப் போகும்னு தெரிஞ்சு உங்க எல்லாரையும் இழுக்க வெக்க முடியல.” ஒரே மூச்சில் சொல்லிவிட்டு நின்றாள். “செவ்வாய்க்கிழமையே தெரியும்.”

எல்லாரும் மேலே பார்த்தார்கள். நாடா துடித்துக்கொண்டிருந்தது.

அப்பாதான் முதலில் பேசினார். “காத்து உள்ள போகணும்னு நீதானேம்மா சொன்ன?”

“நானா?”

“நாலு மாசமா சொன்ன. காத்து வேணும்பா, காத்து வேணும்பா, இல்லன்னா செடி வெந்துடும்னு. இந்தக் கால்களெல்லாம் நட்டப்பவே பாத்தேன், வாய் மலையப் பாத்துட்டிருக்குன்னு. சரி, காத்தப் பிடிக்கத்தான் வெச்சிருக்கா, படிச்ச பொண்ணுன்னு நினைச்சேன்.”

“எங்க வீட்டுக்காரரும் அதத்தான் சொன்னார்,” என்றாள் வஞ்சிரா. “ஏதோ மலைக் காத்த அள்ளி உள்ள அடைச்சு தக்காளிக்கு ஊட்டப் போறான்னு. நாங்க எல்லாம் இங்க காத்துக்கு முதுகு காட்டித்தான் மாட்டுக் கொட்டகையே கட்டுவோம். நீ காத்துக்கு முகம் காட்டி வெச்சதப் பாத்து இது ஏதோ டிப்ளமா விஷயம்னு வாய மூடிட்டு இருந்தோம்.”

வழியில் போகிற ஒவ்வொருவரும் பார்த்திருக்கிறார்கள். ஒவ்வொருவரும் அவள் படிப்பை மதித்து ஒன்றும் சொல்லாமல் போயிருக்கிறார்கள்.

முத்தாஹி தொப்பியைத் தலையில் அழுத்தினார். “வரைபடம் உங்களது. நான் கீரிஞாகாக்காரன். எங்க பக்கம் காத்துன்னா துணி காயற அளவுக்கு. நீங்க அம்புக்குறி போட்டுக் குடுத்தீங்க, நான் கட்டினேன்.”

“உங்களச் சொல்லலண்ணே.”

“மூடிக்கலாமான்னு நேத்துக் கேட்டப்பவே சொல்லியிருக்கலாம்.”

“சொல்லியிருக்கலாம்.”

அவர் அதற்கு மேல் திட்டுவார் என்று அவள் காத்திருந்தாள். அவர் திட்டாமல் குடிலுக்குள் போய் அண்ணாந்து பார்த்தார். ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடந்தார். உதடு எண்ணிக்கொண்டிருந்தது. திரும்பி வந்தார்.

“ரெண்டு பக்கத்துக் காலும் ஒரே உயரம். அது ஒண்ணு நல்லதாப் போச்சு. கால தோண்ட வேணாம். மேற்கால இருக்கிற கைமரத்தக் கிழக்கால மாத்தணும், கிழக்கால இருக்கிறத மேற்கால மாத்தணும். வாய் தானா திரும்பிடும்.”

“எத்தன கைமரம்?” என்றார் பாஸ்டர்.

“இருபத்திரெண்டு. நான் ஒருத்தன்னா ஒரு வாரம். இத்தன பேருன்னா சாயங்காலம். ஆனா ஷீட் இன்னிக்கு ஏறாது. காத்து வந்துடுச்சு. ஷீட்டுக்கு நாளைக்குக் காலைதான்.”

நாளைக்கு என்றதும் யாரும் யாரையும் பார்க்கவில்லை. பிறகு எல்லாரும் வஞ்சிராவைப் பார்த்தார்கள். நியோகாபி மட்டும் தரையைப் பார்த்தாள். கேட்கக் கூடாது.

வஞ்சிரா கையில் இருந்த டம்ளரில் மிச்சம் இருந்த டீயைக் குடித்து முடித்தாள். அடியில் இருந்த தூளை வேலிப் பக்கம் விசிறினாள். மேகத்தைப் பார்த்தாள். அவளுடைய அரை ஏக்கர் கிழங்கும் மழைக்கு முன்னால் வெளியே வந்தாக வேண்டும். அதை வைத்துத்தான் அவள் பெண் அடுத்த மாதம் காலேஜுக்குப் போகிறாள். அது அங்கே நிற்கிற எல்லாருக்கும் தெரியும்.

“சாவு விழுந்தா முறைய தள்ளலாம்ல?” என்றாள்.

“தள்ளலாம்,” என்றாள் ஒருத்தி.

“அப்ப விழுந்திருச்சுன்னு வெச்சுக்குங்க. இவ மூஞ்சியப் பாத்தா அப்படித்தான் இருக்கு.” நியோகாபியின் பக்கம் திரும்பினாள். “என் கிழங்கு மண்ணுக்குள்ள இருக்கு. அது பறக்காது. அழுகும், ஆனா பறக்காது. சனிக்கிழமை என் முறை. மழை கொட்டினாலும் நீ வரணும்.”

“வரேன்கா.”

“உன் நாத்து வந்தாலும் வரணும். கடைசி வரிசை முடியற வரைக்கும் நிமிரக் கூடாது.”

“நிமிரமாட்டேன்.”

“பல்லு வலின்னு சொன்னா பல்லப் பிடுங்கிடுவேன்.”

அப்போதுதான் முதல் சிரிப்பு வந்தது. பாஸ்டர் தூக்கிய கையை இறக்கி, முத்தாஹியின் பெட்டியிலிருந்து ஆணிபிடுங்கியை எடுத்தார். “ஜெபம் பாதில நிக்குது,” என்றார் நியோகாபியிடம். “மீதியை நாளைக்கு வாங்கிக்கோ.”

*

சாயங்காலம் ஐந்தரைக்கு இருபத்திரண்டாவது கைமரம் உட்கார்ந்தது. பாஸ்டரின் கட்டைவிரல் நசுங்கியிருந்தது. பிடுங்கிய ஆணிகளை அப்பா ஒரு கல்லின் மேல் வைத்து ஒவ்வொன்றாக நிமிர்த்திக் கொடுத்தார். நியோகாபி புதிய ஆணித்தலைகளுக்கெல்லாம் மறுபடியும் ரப்பர் சுற்றினாள். வாய் இப்போது மேற்கே பார்த்தது. காற்று மலையிலிருந்து வந்து முகட்டில் ஏறி, தாண்டிப் போனது. நாடா வெளிப்பக்கம் நீண்டு பறந்தது. அவள் அதைப் பார்த்தாள், நம்பவில்லை. இரண்டு நாளாக எதையும் நம்பிப் பழக்கமில்லை.

முத்தாஹி போனில் நியேரிக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தார். “நாளைக்கு மத்தியானம்தான் கெளம்புவேன். ஆமா. இல்ல, இங்க ஒரு சாவு.”

வெள்ளிக்கிழமை ஆறரைக்கே வந்துவிட்டார்கள். டீ நின்றபடியே ஒரு சுற்று. பாஸ்டர், “நேத்து விட்ட இடத்துலேர்ந்து, ஆண்டவரே, இந்தக் கூரையின் கீழே விளையறது எல்லாம் நல்லா விளையட்டும், ஆமென்,” என்று முடித்துவிட்டுக் கயிற்றைப் பிடித்தார்.

“பொறுங்க,” என்றார் முத்தாஹி.

“என்ன பொறுக்கறது?” என்றாள் வஞ்சிரா.

“ஷீட் குளிர்ந்து கெடக்கு. இப்ப இழுத்துக் கட்டினா பத்து மணி வெயில்ல தொளதொளன்னு ஆயிடும். தளர்ந்த ஷீட்ட காத்து அடிச்சு அடிச்சே கிழிக்கும். வெயில் பட்டு இளகட்டும்.”

அதனால் முப்பது பேரும் விரித்த ஷீட்டைச் சுற்றி நின்று வெயிலுக்காகக் காத்திருந்தார்கள். வெயில் சீக்கிரம் வர வேண்டும், காற்று லேட்டாக வர வேண்டும். ஏழரை. எட்டு. நியோகாபி உட்கார்ந்து ஷீட்டின் மேல் கையை வைத்துப் பார்த்தாள். ஜில்லென்று இருந்தது. எட்டேகாலுக்கு மலைமேல் இருந்த மேகம் விலகியது. எட்டரைக்கு முத்தாஹியும் கையை வைத்துப் பார்த்தார். எட்டு நாற்பதுக்கு, “எடுங்க,” என்றார்.

பெரிய சரிவுக்கான துண்டு முதலில் ஏறியது. கயிறு மேலே போனது. அந்தப் பக்கம் பதினைந்து பேர், இந்தப் பக்கம் பதினைந்து பேர். “இழு. பொறு. பாஸ்டர், நீங்க மட்டும் இழுத்தா கோணலாகுது. இழு. பொறு.” ஷீட் ஒவ்வொரு கைமரமாக ஏறும்போது ரப்பரில் உரசி முனகியது. ஒவ்வொரு முனகலுக்கும் நியோகாபியின் தோள் தூக்கிப் போட்டது. எங்கும் மாட்டவில்லை. பெரிய துண்டு முடிந்தது. சின்னத் துண்டில் ஒரு மூலை வேலிக்கம்பியில் மாட்டி, உள்ளங்கை அகலம் கிழிந்தது. எல்லாரும் அவளைப் பார்த்தார்கள்.

“இழுங்க,” என்றாள். “அத ஒட்டிக்கலாம். இழுங்க.”

ஒன்பது ஐம்பதுக்கு முத்தாஹி கடைசி ரீப்பரை அடித்தார். அந்த நேரத்தில் முட்டைக்கோஸ் இலைகள் அசைய ஆரம்பித்தன.

யாரும் சாப்பிடப் போகவில்லை. சட்டியில் கித்தேரி ஆறிக்கொண்டிருந்தது. முப்பது பேரும் குடிலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். காற்று வயலைக் கடந்தது, வேலியைக் கடந்தது, கிழக்குச் சரிவில் அறைந்தது. ஷீட் தம்மென்று ஒரு சத்தம் போட்டது. நியோகாபி உள்ளே ஓடினாள்.

உள்ளே வெள்ளை வெளிச்சம். பேச்சுச் சத்தம் எங்கோ தூரத்தில் கேட்டது. அவள் நடுக்காலில் கையை வைத்தாள். மரம் அதிர்ந்தது. மேலே ஷீட் ஒரு முறை அடிவயிறு போல உள்ளே வாங்கி, மறுபடி இறுகியது. உள்ளே சேர்ந்திருந்த சூடு மெல்ல மேலே போவது கன்னத்தில் தெரிந்தது. வெளியே வாயிலிருந்து நாடா மேற்கே நீண்டு துடித்துக்கொண்டிருந்தது.

“எப்படிம்மா இருக்கு?” வாசலில் அப்பா.

“தாங்குதுப்பா.”

“அப்ப சாப்பிட வா.”

“இன்னும் கொஞ்ச நேரம் பாத்துட்டு வரேன்.”

முத்தாஹி பெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போகும்போது எட்டிப் பார்த்தார். “அடுத்த தடவ அம்புக்குறி போடறதுக்கு முன்னாடி ஒரு துணிய காயப் போட்டுப் பாருங்க, இன்ஜினியரம்மா.” பிறகு ஒரு காலைத் தட்டிப் பார்த்துவிட்டு, “நிக்கும்,” என்றார்.

மூன்று மணிக்கு மழை பிடித்தது. மறுநாள் விடியும் வரை விடவில்லை.

*

சனிக்கிழமை வஞ்சிராவின் அரை ஏக்கரும் சேறாக இருந்தது. கிழங்கைத் தோண்டினால் கிழங்கும் மண்ணும் ஒரே உருண்டையாக வந்தது. விரலால் வழித்து வழித்துக் கூடையில் போட வேண்டியிருந்தது. நேற்றென்றால் மூன்று மணிக்கு முடிந்திருக்கும். ஆங்காங்கே சில கிழங்குகள் அதற்குள் மெத்தென்று ஆகத் தொடங்கியிருந்தன. வஞ்சிரா அவற்றைத் தனியாக ஒரு சாக்கில் போட்டாள். நியோகாபி அந்தச் சாக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் ஒவ்வொன்று விழும்போதும் எண்ணினாள். இருபத்தாறு வரை எண்ணிவிட்டு நிறுத்தினாள்.

பதினொரு மணிக்குப் பள்ளத்துக்கு அந்தப் பக்கம், அவர்கள் வீட்டுச் சாலையில் லாரி வந்து நின்றது. நாற்று. அப்பா ஓடி வருவது சின்னதாகத் தெரிந்தது. தட்டுகளை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று சொல்லியிருந்தாள். வேரைத் தொடக் கூடாது என்று சொல்லியிருந்தாள். நிழலில் வைக்க வேண்டும் என்று சொன்னாளா? ஒட்டின மூலையில் தண்ணீர் சொட்டுகிறதா? காற்று வேறு எழுந்துவிட்டது. குடிலின் கூரை அங்கே வெள்ளையாக, கிண்ணத்தில் ஆடை படிந்த பால் மாதிரி லேசாக அசைந்துகொண்டிருந்தது. அது உப்புகிறதா, சும்மா அசைகிறதா, இங்கிருந்து தெரியவில்லை. அவள் முதுகை நிமிர்த்தி, கையை நெற்றியில் வைத்துப் பார்த்தாள்.

“ஏய்.”

அடுத்த வரிசையில் வஞ்சிரா குனிந்தபடியே இருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

“என்ன சொன்ன நீ? நிமிரமாட்டேன்னு சொன்னியா இல்லியா?”

“கூரை ஆடற மாதிரி இருக்குக்கா.”

“ஆடட்டும். பறக்கல. பறந்தா சத்தம் கேக்கும், இங்க தலைக்கு மேலதான் போகும்.” ஒரு கிழங்கை வழித்துக் கூடையில் எறிந்தாள். “இன்னும் நாலு வரிசை. தோண்டு.”

நியோகாபி குனிந்தாள். காதை மட்டும் அந்தப் பக்கம் வைத்துக்கொண்டு, மண்ணுக்குள் கையை விட்டாள்.